ஆளைக் காணோமே: சில குறிப்புகள்

மனச்சோர்வு வந்தால் முதலில் தூக்கம் போகும், பிறகு பசி போகும் என்பார்கள். எனக்கு முதலில் போனது போனை எடுக்கும் பழக்கம். மணி அடிக்கும். திரையில் தெரிவது பிரியமான பெயராகத்தான் இருக்கும். கை நீளாது. அடித்து ஓய்ந்ததும் ஒரு நிம்மதி வரும். அதன் பின்னாலேயே, எடுத்திருக்கலாமே என்ற உறுத்தல். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். நாளைக்குப் பேசினால் ‘நேத்து ஏன் எடுக்கல’ என்பதற்கும் பதில் வேண்டும். வாரம் கடந்தால் வாரத்துக்கான பதில். கந்துவட்டி ஏறுவது போல அது ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். ‘அவளுக்குத் தனியா இருந்தாத்தான் பிடிக்குது’ என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிடும்.

பிடித்து யாரும் இந்த நோயில் தனியாக இருப்பதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒன்று புரிந்தால் பாதிப் பாரம் குறையும்.

*

நெஞ்சு படபடப்பு என்று போய் ஈசிஜி எடுத்தேன். அசதி என்று தைராய்டு பார்த்தேன். தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினேன். எல்லாம் நார்மல். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. ‘மனசு சரியில்ல’ என்று சொல்ல நாக்கு வராது. கால் குடைச்சல் என்று சொல்ல வரும். எங்கள் பகுதி டாக்டர் ஒருவர்தான் ரிப்போர்ட்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, “காலையில எந்திரிக்கும்போது எப்படி இருக்குமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அழுகை வந்தது.

2015–16இல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்கிறது. நூற்றில் பதினைந்து பேர்தான் அந்த மரப்பெஞ்சு வரை வருகிறார்கள்.

*

மரப்பெஞ்சு என்று எழுதியது மனநலப் புறநோயாளிப் பிரிவு வாசலில் கிடப்பதை. ஓ.பி. சீட்டை வைத்துக்கொண்டு அதில் காத்திருக்கும் நேரம் டாக்டரைப் பார்க்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நீளம். எனக்கு அந்த நீளம் நன்மையாக முடிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “நைட்டு மாத்திரை ஒண்ணா ரெண்டாக்கா?” என்றாள். கேட்ட விதத்தில் கூச்சமே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாள். மாமியாருக்குத் தெரிந்தால் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறா’ என்று ஊரெல்லாம் போய்விடும் என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் சொல்லாத விஷயம் எனக்கு அதிகம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாததை, அம்மாவிடம் சொல்ல முடியாததை, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது. “காலைல பல்லு வெளக்குறதே மலையேறுற மாதிரி இருக்கும்லக்கா” என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். அப்படித்தான் இருக்கும். அதற்கு முன்னால் அதை யாரும் எனக்காகச் சொன்னதில்லை.

கிளம்பும்போது, “அடுத்தது எந்தத் தேதிக்கு வாரீக? நானும் அன்னிக்கே எழுதிக்கிறேன்” என்றாள். மாத்திரை தீர்ந்தும் போக மனமில்லாமல் கிடந்த மாதங்களில், அவள் வந்து தேடுவாளே என்றுதான் பஸ் ஏறியிருக்கிறேன்.

*

மருந்தைப் பற்றி ஒரு வரி. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வாய் உலர்வதும் குமட்டுவதும்தான் தெரியும், பலன் தெரியாது. அந்த வாரத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரத்தைத் தாண்ட வைக்க யாராவது கூட இருக்க வேண்டும். மனிதர்கள் இருந்தால் மருந்து வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. மருந்து இருந்தால் மனிதர்கள் வேண்டாம் என்பவர்களையும்.

*

எங்கள் தெரு மகளிர் குழுவைப் பற்றி எழுத வேண்டும்.

1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு தொடங்கியது இந்தச் சுயஉதவிக் குழு முறை. இன்று தமிழ்நாட்டில் குழு இல்லாத தெருவைத் தேட வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது பேர், ஓர் ஊக்குநர், பிரதிநிதிகள், சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு. சேமிப்புக்கும் கடனுக்கும் என்றுதான் இதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மனச்சோர்வுக்காரி ஒருத்தி எழுதினால் வருகைப் பதிவைப் பற்றித்தான் எழுதுவாள்.

கூட்டத்துக்கு வந்தால் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். காரணம் சொல்லாமல் வராதவர்களுக்கு எங்கள் குழுவில் அபராதமும் உண்டு. நான் வெளியே வராமல் கிடந்த காலத்தில் உறவுக்காரர்களுக்குத் தெரியவில்லை, வேலைக்குப் போன இடத்தில் தெரியவில்லை. அந்த நோட்டுக்குத் தெரிந்தது. ஊக்குநராக இருந்தவர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“மதினி, ஆளையே காணோமே?”

“ஒடம்பு சரியில்ல.”

“சரி. பேச வேணாம். வந்து சும்மா உக்காருங்க. கணக்கு எழுத ஆளில்ல.”

கணக்கு எழுத ஆள் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். போய் உட்கார்ந்தேன். யார் எவ்வளவு கட்டினார்கள் என்று எழுதினேன். கூட்டல் போட்டேன். மற்றவர்கள் ரேஷனில் பருப்பு போடாததைப் பேசினார்கள், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பேசினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் பேசச் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, இன்றைக்கு ஒரு வேலை முடித்தேன் என்ற எண்ணம் ராத்திரி வரை இருந்தது. பல மாதமாக அப்படி ஒரு எண்ணம் இல்லை.

அவர் செய்த இரண்டு காரியங்களை யோசித்துப் பார்க்கிறேன். நான் இல்லாததைக் கவனித்தார். நான் இருந்தால் ஆகும் வேலை ஒன்றை எனக்காக வைத்தார். ‘என்ன ஆச்சு, மனசுல என்ன இருக்கு, சொல்லு’ என்று துருவியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

*

குழு என்பதன் மறுபக்கத்தையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். தனியார் நிதி நிறுவனங்களின் வாரத் தவணைக் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்போது அதே அக்காமாரும் மதினிமாரும் அவள் வாசலில் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த அவமானத்தில் படுத்த பெண்களை எனக்குத் தெரியும். கூட்டம் என்றாலே மருந்தாகிவிடாது. பணத்துக்காக மட்டும் வருகையைக் கவனிக்கும் கூட்டம் நோயைக் கூட்டும்.

*

கோவாவில் ‘சங்காத்’ என்ற அமைப்பு 1996 முதல் இயங்குகிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, மனநலப் படிப்புப் படித்தவர்களும் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களிடம் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. மனசு நன்றாக ஆனதும் வேலை செய்யலாம், நாலு பேரைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதே. சின்னதாக ஒன்றைச் செய், மனசு பின்னால் வரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், பக்கத்து வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நிற்பதாக இருக்கலாம். எங்கள் ஊக்குநர் கணக்கு நோட்டை நீட்டியபோது செய்தது இதைத்தான். அவர் அந்த இதழைப் படித்ததில்லை.

*

‘மனச தைரியமா வச்சுக்க.’ ‘உனக்கென்ன கொற? கை நெறய சம்பளம், புள்ள நல்லாப் படிக்கிறான்.’ ‘நாங்க பாக்காத கஷ்டமா?’ எல்லாம் அன்பில் சொன்னவைதான். கேட்கக் கேட்க, குறை இல்லாமலே படுத்திருப்பவள் என்ற குற்றமும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் எனக்கு ஒத்தாசையாக இருந்த பேச்சு எல்லாமே பொருள் இல்லாத பேச்சு. ‘காப்பி ஆறுது.’ ‘கரண்டு போயிருச்சு, மெழுகுவத்தி எங்க?’ ‘கொடியில துணி கெடக்கு, மழை வருது.’ வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அந்தக் குணம் அப்போது பெரிய துணை.

*

1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் ஒரு சோதனை செய்தார். மனச்சோர்வுக்காகவோ தற்கொலை எண்ணத்துக்காகவோ மருத்துவமனையில் இருந்து வெளியே போன பிறகு, தொடர் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் பாதிப் பேருக்குச் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். நீங்கள் இங்கே இருந்து போய்க் கொஞ்ச நாள் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அறிவுரை கிடையாது. மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற விசாரணை கிடையாது. ஐந்து ஆண்டுகள் இப்படி எழுதினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் வந்தவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு ஐந்து ஊர்களில் இதை ஒத்த ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் சென்னையும் கொழும்பும் உண்டு. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 1,867 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதம் வரை அவ்வப்போது போன், இல்லையென்றால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காடு. 2008இல் வெளியான கணக்கு இது. ‘எப்படி இருக்கீங்க’ என்று மறக்காமல் கேட்டதற்கு இவ்வளவு பலம்.

*

எனக்கும் அப்படிக் கடிதம் வந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி தினமும் காலையில் பூ மார்க்கெட்டைத் தாண்டி வருவாள். நான் விடுப்பில் இருந்தபோது அவளிடமிருந்து வாட்ஸ்அப் வரும்: ‘இன்னைக்கு மல்லி கிலோ எண்ணூறு.’ மறுநாள்: ‘ஆயிரத்து இருநூறு. முகூர்த்த நாள்.’ மார்கழியில் ஒருநாள் மூவாயிரத்தைத் தாண்டியது. நலமா என்று கேட்டதில்லை. ஏன் பதில் இல்லை, பார்த்தேனா என்றும் கேட்டதில்லை. ஆரம்பத்திலேயே ‘பதில் வேணாம்க்கா, சும்மா அனுப்புறேன்’ என்று சொல்லிவிட்டாள்.

பதில் கேட்காத செய்தியின் அருமை இந்த நோயில் கிடந்தவர்களுக்குத் தெரியும். நான் ஒருத்தி இருக்கிறேன் என்று இன்னொருத்தி தினமும் நினைக்கிறாள். அதற்கு நான் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. பல வாரம் கழித்து, ‘ஏன் இன்னைக்கு இம்புட்டு ஏறிருக்கு?’ என்று நானாகவே கேட்டேன். பனி, வரத்து இல்லை என்று எழுதினாள். அந்தக் காலத்தில் நானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது.

*

கோயில். மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆயிரம் பேர் நடுவில் தனியாக இருக்கலாம். தனியாக இருப்பது உறுத்தாது. சாமி கும்பிட்டேனா இல்லையா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆனால் அந்தப் படிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தர்கா ஊரான ஏர்வாடியையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை. குடும்பம் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டவர்கள்தான் பலரும். வழிபடும் இடத்துக்குப் போவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். மந்திரித்துக் கயிறு கட்டுவதையும் சொல்ல மாட்டேன். மருந்துக்குப் பதிலாக என்று சொல்லும்போதும், ஆளை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும்தான் எதிர்க்கிறேன்.

*

ஜிம்பாப்வேயில் ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம் பெண் ஒருத்தி பஸ் காசு இல்லாததால் மருத்துவமனைக்கு வர முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, ம்பாரே என்ற உழைக்கும் மக்கள் பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவர்கள் பாட்டியிடம் பேசுவார்கள். பாட்டி கேட்பார், எந்தப் பிரச்சினையை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். அதன் பிறகு, பாட்டியிடம் பேசிய பெண்கள் ஒரு குழுவாகக் கூடுகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கில் கொக்கி ஊசியால் பைகள் பின்னுகிறார்கள், பேசுகிறார்கள்.

நான் நின்று படித்தது அந்தப் பைகளைப் பற்றிய வரியைத்தான். எங்கள் தெருவில் கூலிக்குப் பூக் கட்டுகிற வீடு ஒன்று உண்டு. சாயங்காலம் நாலைந்து பெண்கள் திண்ணையில் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண் பூவில் இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அப்படி இருக்கும்போதுதான் பெரிய பெரிய விஷயங்கள் வாயிலிருந்து வருகின்றன: குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், கலைந்த கரு, தூங்காத ராத்திரி. எதிரெதிரே உட்கார்ந்து ‘சொல்லு’ என்றால் வராது.

ஆண்களுக்கு அப்படி ஒரு திண்ணை இல்லை. டீக்கடை இருக்கிறது, அங்கே அரசியல் பேசலாம், அழ முடியாது. தல்லாகுளம் பக்கம் போகும்போது கலைஞர் நூலகத்தில் பார்க்கிறேன், பத்திரிகைப் பகுதியில் தினமும் ஒரே நாற்காலியில் உட்காரும் வயதான ஆண்கள். படிக்கத்தான் வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அதுவும் ஒரு வருகைப் பதிவுதான்.

*

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்கும் சுனாமிக்கும் பிந்தைய வடக்கைப் பற்றி எழுதும்போது, காயம் தனி ஆளுக்கு மட்டும் பட்டதில்லை, சமூகத்துக்கே பட்டது என்கிறார். ஊரோடு இடம்பெயர்ந்து, முகாமில் யாரோ எவரோடோ இருந்து, திரும்பி வந்தபோது பக்கத்து வீடு இல்லை. வாசலில் வந்து கேட்க ஆள் இல்லாமல் போன இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாத்திரை கொடுப்பதோடு நிற்க முடியாது. கோயில் திருவிழாவை, நினைவேந்தலை, ஊர்ச் சங்கத்தைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். மதுரையில் வீடு வாசலோடு இருந்துகொண்டே தனியாகிப் போன எனக்கு, வாசலே போனவர்களைப் பற்றி வாசிக்கும்போது வார்த்தை வருவதில்லை.

*

சென்னையில் 1986 முதல் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அங்கே கேட்பவர்கள் தொண்டர்கள். அறிவுரை சொல்வதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்பார்கள். கேட்பதற்குப் பயிற்சி தேவை என்பதை நான் பெஞ்சில் கற்றுக்கொண்டேன். ஒருத்தி தன் கதையைச் சொல்லும்போது நம் கதையை எடுத்து மேலே வைக்கக் கூடாது. ‘இதெல்லாம் என்ன, எனக்கு நடந்தது தெரியுமா’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவள் சுருங்கிவிடுவாள். சில நாள் கேட்கவும் முடியாது. என் நிலைமை மோசமாக இருக்கும் நாளில் இன்னொருத்தி இருட்டைக் கேட்டால் நானும் இறங்கிவிடுவேன். அப்போது ‘இன்னிக்கு முடியலடி, நாளைக்குப் பேசுவோம்’ என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குள் பழகிவிட்டது. கோபித்துக்கொள்வதில்லை.

*

சரியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். மாத்திரை இருக்கிறது. நல்ல மாதங்கள் இருக்கின்றன. திரும்பி வரும் மாதங்களும். முன்பு திரும்பி வந்தால் யாருக்கும் தெரியாது. இப்போது குழுவுக்குத் தெரியும், பெஞ்சுக்குத் தெரியும், பூ விலை அனுப்புகிறவளுக்குத் தெரியும். நோயின் அளவு குறைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. படுத்திருக்கும் நாட்கள் குறைந்திருக்கின்றன.

*

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் குழுவிலோ, தெருவிலோ, அலுவலகத்திலோ, சொந்தத்திலோ ஓர் ஆள் வருவதை நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை என்று கோபமும் இருக்கலாம். அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள், அவரால் முடியாது. நீங்களே போங்கள். அறிவுரை எடுத்துப் போக வேண்டாம். ஏதாவது சின்ன வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு போங்கள். கதவு திறக்காவிட்டால் அடுத்த வாரமும் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டு என்று விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசு இல்லை. முதல் தடவை தனியாகப் போவதுதான் கஷ்டம். கூடப் போங்கள்.